எந்த எலி, எந்த ஒட்டுண்ணி?

ஆறாம் நாள் வரை அந்தக் கறுப்புச் சுண்டெலியைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது. ஓடுகிறது, தின்கிறது, கூண்டில் பரப்பியிருக்கும் மரத்தூளைக் கிளறுகிறது. ஊசி மூலம் ஏற்றப்பட்ட மலேரியா ஒட்டுண்ணி அதன் ரத்தத்தில் பெருகிக்கொண்டிருப்பது நுண்ணோக்கிக்கு மட்டும்தான் தெரியும். ஏழாம் நாள் ரோமம் சிலிர்த்து நிற்கிறது. முதுகைக் கூனிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்குகிறது. எடுத்து விட்டால் நேராக நடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பிறகு வலிப்பு, நினைவிழப்பு. ஒரு நாளுக்குள் சாவு. இத்தனைக்கும் அதன் சிவப்பணுக்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில்தான் ஒட்டுண்ணி புகுந்திருக்கும்.

பக்கத்துக் கூண்டில் இன்னொரு எலி. அதே வம்சம், அதே வயது, அதே தீனி. அதற்கும் அதே நாளில் மலேரியா ஒட்டுண்ணி ஏற்றப்பட்டது. இனம் கூட அதேதான். ரகம் மட்டும் வேறு. இந்த எலி ஏழாம் நாளைத் தாண்டுகிறது, பத்தாம் நாளையும் தாண்டுகிறது. கடைசியில் ரத்தசோகையிலோ வேறு கோளாறிலோ சாகக்கூடும். ஆனால் வலிப்பும் கோமாவும் அதற்கு வருவதில்லை.

முதல் எலிக்குப் போட்டது ஆன்கா என்ற ரகம். இரண்டாவதற்கு என்கே65. இரண்டுமே பிளாஸ்மோடியம் பெர்கியை என்ற ஒரே இனம், பொன்னியும் ஐ.ஆர்.8-உம் மாதிரி. வயலில் பார்த்தால் இரண்டும் நெல்தான், சோற்றில்தான் வித்தியாசம் தெரியும். இங்கே வித்தியாசம் தெரிவது மூளையில். ஆன்கா மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் பெரும் அழற்சியைக் கிளப்புகிறது. என்கே65 கிளப்புவதில்லை.

எலிக்கு வலிப்பு வந்தால் யாருக்கு என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் மலேரியாவுக்குப் பலியானவர்கள் சுமார் 5,97,000 பேர். ஆப்பிரிக்காவில் இறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மலேரியா கொல்லும் வழிகளில் மிகக் கொடியது மூளை மலேரியா. நேற்று ஓடி விளையாடிய குழந்தை இன்று கோமாவில் கிடக்கும். நல்ல மருத்துவமனையில் சரியான மருந்து கொடுத்தாலும் ஏறக்குறைய ஆறு குழந்தைகளில் ஒன்று பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு நோய், பேச்சுக் குறைபாடு, படிப்பு ஏறாமை என்று ஏதாவது ஒன்று தங்கிவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று உயிரோடிருக்கும் குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. எனவே எலி. எலி என்றால் பெரும்பாலும் அந்தக் கறுப்பு சி57 வம்சம். ஒட்டுண்ணி என்றால் பெரும்பாலும் ஆன்கா. மூளை மலேரியா பற்றி ஆய்வுக்கூடங்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்த ஒரு ஜோடியிலிருந்து வந்தது.

இந்த ஒட்டுண்ணிக்கும் சோதனைச்சாலைச் சுண்டெலிக்கும் இயற்கையில் எந்த உறவும் கிடையாது. 1943-இல் பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவின் கடாங்கா பகுதியில், ஆற்றோரக் காட்டில் பிடித்த அனாபிலஸ் டுரேனி கொசுக்களில் இஞ்ஞாஸ் வேன்கே என்ற மருத்துவர் ஏதோ ஒரு மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அது யாருடைய ரத்தத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஐந்து வருடங்கள் ஆயின. 1948-இல் அவரும் மார்செல் லிப்ஸும் அதே பகுதியின் புதர் எலி ஒன்றின் ரத்தத்தில் அதைப் பிடித்தார்கள். மலேரியா ஆராய்ச்சிக்கு அது பெரிய அதிர்ஷ்டம். குரங்குகளையும் பறவைகளையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கைக்கு அடக்கமான, மலிவான எலியில் வளரும் மலேரியா கிடைத்துவிட்டது. அந்த முதல் பிடிப்பிலிருந்து வந்தது கே173 என்ற ரகம். ஆன்காவும் என்கே65-உம் 1960-களின் நடுவில் அதே வட்டாரத்துக் கொசுக்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

அதன் பிறகு அவை உலகம் சுற்றின. பல ஆய்வுக்கூடங்களில் கொசுவின் பக்கமே போகாமல், ஊசி வழியாக எலியிலிருந்து எலிக்குப் பல பத்தாண்டுகள் கைமாறின. இப்படிக் கைமாறியதில் கே173 கொசுவுக்குத் தொற்றுவதற்கான பாலின வடிவத்தையே உண்டாக்க மறந்துவிட்டது. என்கே65 என்ற ஒரே பெயரில் நியூயார்க் கிளை ஒன்றும் எடின்பரோ கிளை ஒன்றும் இருக்கின்றன. எடின்பரோ கிளை எலியின் நுரையீரலைக் கடுமையாகத் தாக்குகிறது. ஆய்வுக் கட்டுரையில் "பெர்கியை தொற்றிய எலி" என்று மட்டும் எழுதியிருந்தால், அது மூளையில் செத்த எலியா நுரையீரலில் செத்த எலியா என்று புரியாது. எலியின் வம்சமும் கணக்கில் உண்டு. கறுப்பு சி57 எலியைக் கோமாவில் தள்ளும் அதே ஆன்காவை பால்ப்-சி என்ற வெள்ளை எலிக்குப் போட்டால் மூளை பெரும்பாலும் தப்பிவிடும். ஒட்டுண்ணி எக்கச்சக்கமாகப் பெருகி மூன்றாம் வாரத்தில் ரத்தசோகையில் எலி சாகும். அதாவது நோய் ஒட்டுண்ணியிலும் இல்லை, எலியிலும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் காம்பியாவில் இருக்கிறது.

1987-இல் ஜெனிவாவில் ஜார்ஜ் க்ரோவும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஆன்கா தொற்றிய, எளிதில் மூளை மலேரியா வருகிற சிபிஏ வம்ச எலிகள். அவற்றின் ரத்தத்தில் டி.என்.எஃப். என்ற பொருள் ஏறியிருந்தது. அழற்சியைத் தூண்டுவதற்காக உடலே சுரக்கும் புரதம் அது. அதை முடக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தபோது எலிகள் மூளை மலேரியாவிலிருந்து தப்பின. ஒட்டுண்ணி குறையவில்லை, அழற்சி மட்டும் அடங்கியது. மூன்று வருடங்களில் காம்பியக் குழந்தைகளிடமும் அதே பொருள் ஏறியிருப்பதும், நோய் முற்றியவர்களிடம் அது கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் பாவம் என்று தோன்றியிருக்கும்.

கொடுத்துப் பார்த்தார்கள். மூளை மலேரியாவோடு வந்த 610 குழந்தைகளில் ஒரு பாதிக்கு எதிர்ப்புரதம், மறு பாதிக்கு வெற்று மருந்து. முடிவு 1996-இல் வெளியானது. காய்ச்சல் சீக்கிரம் இறங்கியது. சாவு குறையவில்லை; இரண்டு பக்கமும் ஐந்தில் ஒரு குழந்தை இறந்தது. அதைவிட மோசம், பிழைத்த குழந்தைகளில் நிரந்தர நரம்புப் பாதிப்பு எதிர்ப்புரதம் பெற்றவர்களிடம்தான் அதிகம் இருந்தது. இது முதல் ஏமாற்றமும் அல்ல. அழற்சியை அடக்கும் டெக்ஸாமெதஸோன் என்ற ஸ்டீராய்டு மூளை மலேரியாவுக்கு நல்லது என்று டாக்டர்கள் நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. 1982-இல் தாய்லாந்தில் 100 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது, ஸ்டீராய்டு கோமாவை நீட்டியது, சிக்கல்களைக் கூட்டியது, ஒருவரையும் கூடுதலாகக் காப்பாற்றவில்லை.

எங்கே பிசகியது? செத்த குழந்தையின் மூளையையும் செத்த எலியின் மூளையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சொன்ன பதில் இது. மனிதனைக் கொல்லும் பால்சிபாரம் ஒட்டுண்ணி, தான் குடியேறிய சிவப்பணுவின் மேல் முண்டு முண்டாகப் பசை உறுப்புகளை வளர்க்கிறது. அந்த அணுக்கள் மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. அடைப்புதான் பிரதானம், வெள்ளணுக்களின் கூட்டம் குறைவு. ஆன்கா எலியில் இது தலைகீழ்: குழாய்க்குள் வெள்ளணுக்களின் கூட்டம், ஒட்டிய சிவப்பணுக்கள் சொற்பம். பாங்காக்கிலிருந்து மலேரியா ஆய்வு நடத்தும் நிக்கோலஸ் ஒயிட்டும் நான்கு சகாக்களும் 2010-இல் இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். எலியில் சோதித்த 48 துணை சிகிச்சைகளில் 44 வெற்றி. மனிதரில் அந்த வெற்றி திரும்பவில்லை. குழந்தைகளுக்கு என்ன துணை மருந்து கொடுப்பது என்று தீர்மானிக்க இந்த எலியை நம்பாதீர்கள் என்பது அவர்கள் கட்சி. எலியை வைத்து வாழ்க்கை நடத்தும் ஆய்வாளர்கள் கொதித்துப்போய், இரண்டு வருடத்தில் பல நாட்டுக் கையெழுத்துகளோடு பதில் எழுதினார்கள்.

எலிக்கட்சியினர் கையில் ஒரு பலமான சீட்டு இருந்தது. 1971 அக்டோபரில் பெய்ஜிங்கில் டு யூயூவின் குழு ஒரு மூலிகைச் சாற்றை, 191-ஆம் எண் கொண்ட மாதிரியை, பெர்கியை தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தது. ஒட்டுண்ணி முற்றாக ஒழிந்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின். 2015-இன் நோபல் பரிசும் அதற்குத்தான். அதன் வழித்தோன்றலான ஆர்ட்டிசுனேட் ஊசி, இந்தியா, வங்கதேசம், பர்மா, இந்தோனேசியா நோயாளிகளிடம் நடந்த சோதனையில் (2005) கடும் மலேரியாச் சாவை 22 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தது. ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் (2010) 10.9 சதவீதம் 8.5 ஆகியது. ஆக, ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தைக் கேட்டபோது எலி உண்மையைச் சொன்னது. அழற்சியை அடக்கும் மருந்தைக் கேட்டபோதுதான் வழிதவறியது. முதல் கேள்விக்கு எந்த ரகம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. இரண்டாவது கேள்விக்கு ரகம்தான் எல்லாம்.

அதனால் சில ஆய்வுக்கூடங்கள் கேள்வியையே மாற்றின. ஆன்கா எலிக்கு எதைக் கொடுத்தால் பிழைக்கும் என்பதை விட்டுவிட்டு, ஆன்காவுக்கும் மற்ற ரகங்களுக்கும் என்னதான் வித்தியாசம் என்று பார்க்க ஆரம்பித்தன. 2005-இல் சிட்னியில் ஆன்காவையும் கே173-ஐயும் ஒரே எலிக்குள் சேர்த்துச் செலுத்தினார்கள். இரண்டு மடங்கு நோய் வரவேண்டும். மாறாக, எலிக்கு மூளை மலேரியா வரவில்லை. இந்த எலிகளில் முதல் 24 மணி நேரத்துக்குள்ளாகவே இன்டர்ஃபெரான்-காமா என்ற எச்சரிக்கைப் பொருள் எழுந்திருந்தது. இதே பொருள் ஆன்கா எலியில் பின்னால் எழும்போது மூளையைக் கெடுப்பதில் கூட்டாளி. முன்னால் வந்தால் காவலன், தாமதமாக வந்தால் எதிரி! அழற்சியை ஒட்டுமொத்தமாக அடக்கும் மருந்துகள் ஏன் சறுக்கின என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

2013-இல் சிங்கப்பூரில் லோரன் ரெனியாவின் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. மூளையைச் சிதைப்பவை சிடி8 என்ற கொலையாளி வெள்ளணுக்கள் என்பது அதற்கு முன்பே தெரியும். அவற்றை நீக்கிவிட்டால் ஆன்கா எலிக்குக் கோமா வருவதில்லை. ஆகவே சாதுவான ரகம் தொற்றிய எலியின் மூளைக்கு இந்தக் கொலையாளிகள் போயிருக்கவே மாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் போய்த் தேடினார்கள். இருந்தார்கள்! அதே ஒட்டுண்ணித் துணுக்கை அடையாளம் காணும் அதே அணுக்கள், மூளைக்குள்ளேயே. ஆனால் யாரையும் தாக்காமல்.

வித்தியாசம் குழாய்ச் சுவரில் இருந்தது. ஆன்கா தொற்றிய எலியில், மூளை நுண்குழாயின் உள்சுவர் செல்கள் ஒட்டுண்ணியின் துணுக்குகளை விழுங்கி, அவற்றைத் தம் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கின்றன. சிவப்பணுவுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை சிடி8 அணுவால் பார்க்க முடியாது. சுவரில் தொங்கும் துணுக்கைப் பார்க்க முடியும். திருடனைத் தேடி வந்த போலீஸ், திருடனின் சட்டை காய்கிற வீட்டை இடிப்பது மாதிரி, சுவர் செல்லைத் தாக்குகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு உடைந்து நீர் கசிகிறது, மூளை வீங்குகிறது. சாதுவான ரகங்கள் தொற்றிய எலியில் சுவர் எதையும் காட்டுவதில்லை. போலீஸ் வந்து நின்றுவிட்டுப் போகிறது. இதில் இன்னொன்றும் தெரிந்தது. நோய்க்குறி தோன்றுவதற்கு முன்பே வேகமாக வேலை செய்யும் மலேரியா மருந்தைக் கொடுத்தால், ஒட்டுண்ணி குறைந்து, சுவர்க் காட்சியும் குறைந்து, எலி தப்பிவிடுகிறது.

ரகங்களுக்கு நடுவே இந்தக் குணபேதம் வர எவ்வளவு மரபணு மாற்றம் தேவை? மிகக் கொஞ்சமே போதும் என்று தெரிகிறது. மற்ற மரபணுக்களை ஏவி அடக்கும் ஒரு மேஸ்திரிப் புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியதும், என்கே65-க்கு எலியின் உடல் காட்டும் எதிர்ப்பின் போக்கே மாறிவிட்டதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதெல்லாம் எலியோடு முடிந்துவிடுகிற கதையா என்பதுதான் காம்பியாவுக்குப் பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வி. பதிலின் ஒரு பகுதி மலாவியின் ப்ளாண்டயர் நகரிலிருந்து வந்தது. அங்கே டெர்ரி டெய்லர் என்ற அமெரிக்க டாக்டர் பல வருடங்களாக மூளை மலேரியாக் குழந்தைகளைக் கவனித்து வந்தார். 2008-இல் அரசு மருத்துவமனைக்கு ஓர் எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்து சேர்ந்தது. அந்த வசதி இங்கே கோமாவில் கிடக்கும் ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைத்தது. 2015-இல் வெளியான முடிவில் 168 குழந்தைகள். இறந்தவர்கள் 25, அவர்களில் 21 பேருக்கு வந்து சேர்ந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் அப்படி வீங்கியிருந்தவர்கள் 39 பேர்தான். அடைப்பு மட்டும் கொல்லவில்லை. வீங்கிய மூளை மண்டையோட்டுக்குள் இடமில்லாமல், மூச்சை நடத்தும் தண்டுப் பகுதியை நசுக்குகிறது. ஆன்கா எலி சாவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

2020-இல் அடுத்த பகுதி வந்தது. இறந்த மலாவிக் குழந்தைகளின் மூளைத் திசுவைப் புதிய சாயங்களால் தேடியபோது, நுண்குழாய்களின் உள்சுவரை ஒட்டி சிடி8 அணுக்கள் நின்றன. இத்தனை வருடம் மனித மூளையில் இல்லை, இருந்தாலும் சொற்பம் என்று ஒதுக்கப்பட்ட அதே கொலையாளிகள். எலிக்கட்சி நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் முழு வெற்றி என்று சொல்ல ஒடிசாவின் ரூர்கேலா இடம் கொடுக்கவில்லை. உருக்காலையின் இஸ்பாத் பொது மருத்துவமனைக்குச் சுற்றுவட்டார ஆதிவாசி கிராமங்களிலிருந்து மூளை மலேரியாவோடு குழந்தைகளும் வருகிறார்கள், வயது வந்தவர்களும் வருகிறார்கள். அங்கே டாக்டர் சஞ்சிப் மொஹந்தியின் குழு எம்.ஆர்.ஐ.யில் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மூளை முழுவதும் வீங்குவது குழந்தைகளிடம்தான் அதிகம். இறந்த பெரியவர்களிடம் தெரிந்தது வீக்கம் அல்ல. பிராணவாயு கிடைக்காமல் கருகிய மூளை, அதாவது பழைய அடைப்புக் கதை. ஒட்டுண்ணி இருவருக்கும் அதே பால்சிபாரம். ஆன்கா எலி அப்படியானால் யாரைப் போன்றது? வீக்கத்தைப் பார்த்தால் குழந்தையைப் போல. ஆனால் ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக ஊசி போடப்படுவது ஆறு முதல் எட்டு வார எலிக்கு. எலிக் கணக்கில் அது குட்டி இல்லை, பருவம் வந்துவிட்ட எலி.